கடலை மாதிரியைச் சுத்தம் செய்யும் குட்டிச் சில்லு!

1960-ம் ஆண்டு, இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து மடிந்தன. நோய்க்கிருமி என்று நினைத்துத் தேடியவர்களுக்குக் கடைசியில் கிடைத்த காரணம், தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கு. அதில் இருந்த பூஞ்சண நஞ்சுக்குத்தான் ‘அஃப்ளாடாக்சின்’ என்று பெயர் வைத்தார்கள். மனிதர்களுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு இது.

நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலையில் இந்த நஞ்சு மொத்தமாகக் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதாவது, ஆயிரம் டன் கடலைக்கு 4 கிராம்! இவ்வளவு சிறிய அளவையும் கண்டுபிடித்துவிடும் கருவி, ‘மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்’. மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, எடைவாரியாகப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி இது.

ஆனால், கடலையை அரைத்து அப்படியே இதற்குள் விட முடியாது. எண்ணெயும் புரதமும் நஞ்சின் அடையாளத்தை மறைத்துவிடும். அதனால் அரைத்த மாவை மெத்தனால் கலந்த தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நஞ்சை மட்டும் பிடித்து வைக்கும் ஆன்டிபாடி நிரப்பிய குழாய் வழியாக விடுகிறார்கள்.

இந்த வேலையைத்தான் உள்ளங்கைக்குள் அடங்கும் ‘மைக்ரோஃப்ளூயிடிக்’ சில்லுக்குள் சுருக்குகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கண்ணாடியிலோ, பிளாஸ்டிக்கிலோ தலைமுடி அளவுக்கு மெல்லிய வாய்க்கால்கள் இருக்கும். சில சொட்டுச் சாறு அதில் ஓடும்போது, ஆன்டிபாடி பூசிய மணிகள் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை கழுவிப் போகும். பிறகு மடை மாற்றுவதுபோல வேறு திரவத்தை விட்டு, நஞ்சை மட்டும் பிரித்துக் கருவிக்கு அனுப்பலாம். ரசாயனச் செலவும் நேரமும் குறையும். ஒரு சிக்கலும் உண்டு. சாற்றைச் சரியாக வடிகட்டாவிட்டால் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும்.

சாக்கில் எடுக்கும் மாதிரி

சில்லு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதற்குள் போவது சில சொட்டுதான். பூஞ்சணமோ மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. கெட்டுப்போன சில பருப்புகளிலேயே நஞ்சு குவிந்திருக்கும். மேல்மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால், வரும் முடிவு அந்தக் கைப்பிடிக்கு மட்டுமே பொருந்தும். அதனால்தான் பெரிய சரக்குகளில் 100 இடங்களில் எடுத்து, 20 கிலோ மாதிரி சேர்க்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி.

பரிசோதனைக்குக் கொடுக்கும் விவசாயிகள், பல மூட்டைகளில் மேல், நடு, அடி என எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். சுருங்கிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்லதை மட்டும் கொடுத்தால் ஏமாறுவது கொடுத்தவரே.

அறுவடைக்குப் பிறகு காய்களைத் தார்ப்பாயில் பரப்பி, ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்குள் வரும்வரை காயவைத்தால் பூஞ்சணம் பெருகாது. குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலவென்று சத்தம் தர வேண்டும். உடைந்த காய், பூஞ்சணம் பிடித்த காய்களைத் தனியாக ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதைச் செக்குக்கும் அனுப்பக் கூடாது. நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கும். அதைத் தின்னும் கறவை மாட்டின் பாலிலும் வந்து சேரும்.