முப்பது நாளும் ஒரு மாதமும் ஒன்றல்ல

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, ஆனால் திருப்தி இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. பதில் கிடைத்த நாள் 2025 ஜனவரி 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் எது?

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பதில் கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது. பிப்ரவரியில் 28, மார்ச்சில் 2. ஆக, மார்ச் 2. அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால், திறக்கும் அடுத்த நாளில் கொடுக்கலாம் என்று 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் இடம் தருகிறது. நேரில் கொடுப்பவருக்கு மார்ச் 3, திங்கள் வரை நேரம் உண்டு.

இதே கணக்கை ஒரு இணையதளத்தின் நிரல் போடும்போதுதான் சிக்கல் வருகிறது. நிரல் எழுதுபவர், "30 நாள்னா ஒரு மாசம்தானே" என்று மாதத்தைக் கூட்டிவிடுகிறார். ஜாவா மொழி பிப்ரவரி 28 என்று விடை சொல்லும். பிப்ரவரியில் 31 இல்லாததால் மாதக் கடைசியில் நிறுத்திக்கொள்ளும். பிஎச்பி மொழியோ மிச்சமுள்ள மூன்று நாளை அடுத்த மாதத்தில் தள்ளி மார்ச் 3 என்று காட்டும். சரியான விடை மாதிரியே இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அது தற்செயல். பதில் ஜனவரி 15-ல் கிடைத்திருந்தால் இரண்டு மொழிகளும் பிப்ரவரி 15 என்றே சொல்லும். உண்மையான கெடு பிப்ரவரி 14. அதாவது, ஒருவருக்கு இரண்டு நாள் முன்னாடியே கதவு மூடப்படுகிறது. இன்னொருவர் ஒரு நாள் இருக்கிறதென்று நம்பிக் கெடுவைத் தவறவிடுகிறார். சட்டம் நாள் என்று சொன்னால் நாளைக் கூட்ட வேண்டும், மாதம் என்றால் மாதத்தை.

இன்னொரு கோளாறு கண்ணுக்கே தெரியாது. ஆப்ஜெக்ட் முறை நிரலாக்கத்தில் தேதி என்பது ஒரு ஆப்ஜெக்ட். பிஎச்பியின் பழைய 'டேட்டைம்' வகையில் 30 நாள் கூட்டினால், அந்த ஆப்ஜெக்ட்டே மாறிவிடும். "பதில் கிடைத்த நாள்", "கடைசி நாள்" என்று இரண்டு பெயர் வைத்திருந்தாலும், இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டைச் சுட்டினால் இரண்டுமே மார்ச் 2 ஆகிவிடும். ஒரே வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் இருக்கிற மாதிரி. பதில் கிடைத்த நாளே கோப்பில் இல்லாமல் போனால், மேல்முறையீட்டில் எதை வைத்து வாதாடுவது? இதனால்தான் பிஎச்பி 5.5-ல் 'டேட்டைம்இம்யூட்டபிள்' வந்தது. ஜாவா 8-ல் வந்த 'லோக்கல்டேட்' வகையும் அப்படியே. பழைய தேதியைத் தொடாமல் புதிய தேதியைத் தனியாகத் தரும். அந்தப் புதிய விடையை வாங்கி வைக்க மறந்தால் எதுவுமே மாறாது, அதுவும் ஒரு தொல்லைதான்!

நேரம் வேறு இருக்கிறது. பல சர்வர்கள் யுடிசி நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆகஸ்ட் 5 அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு யுடிசி கணக்கில் ஆகஸ்ட் 4 இரவு 8.30. அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் பிறந்தநாள் ஒரு நாள் பின்னால் போய்விடும். பிறப்புச் சான்றிதழில் ஏறிய தேதிதான் பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும். பிறந்த தேதியை நேரம் ஒட்டாத வெறும் தேதியாகவே சேமிப்பது நல்லது. விண்ணப்பம் வந்த நேரத்தை வேண்டுமானால் யுடிசியில் வைக்கலாம், ஆனால் நாள் கணக்குப் போடும் முன்பு இந்திய நேரத்துக்கு மாற்றியாக வேண்டும்.

உங்கள் அலுவலகத்துக்கு ஒரு புதிய மென்பொருள் வருகிறதா? ஜனவரி 31, பிப்ரவரி 29, இரவு 12 மணிக்குப் பிந்தைய ஐந்தரை மணி நேரம் - இவற்றைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பிப்பவராக இருந்தால், திரையில் காட்டும் கடைசித் தேதியை ஒருமுறை காலண்டரில் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.