பரணில் கிடக்கும் கிரிக்கெட் கார்டுகளை மியூசியத்துக்குக் கொடுக்கலாமா? கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதி பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ பரணில் இருந்து என்னவெல்லாம் இறங்கும்? பித்தளை அண்டா, ஓலைப்பெட்டி, உடைந்த கொலு பொம்மை. அதோடு ஒரு தகர பிஸ்கட் டப்பா. திறந்து பார்த்தால் ஸ்ரீகாந்த், கபில்தேவ், கவாஸ்கர் எல்லாம் அட்டையில் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். மாமாவோ அண்ணனோ சின்ன வயசில் சேர்த்த கிரிக்கெட் கார்டுகள்.

இந்த டப்பா அடுத்து எங்கே போகும்? பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்கு. விவரம் தெரிந்த வீடாக இருந்தால் ஆன்லைனில் விற்பனைக்கு. 'மியூசியத்துக்குக் கொடுத்தா என்ன?' என்று யாராவது ஒருவர் கேட்பதும் உண்டு. கொடுக்கலாம். ஆனால் எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் மட்டும் போதாது. அப்படிக் கொடுத்து ஏமாந்தவர் சாதாரண ஆள் இல்லை, மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர்.

பல்பீர் சிங்குக்கு என்ன நடந்தது?

ஹாக்கி வீரர் பல்பீர் சிங் சீனியர். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். மெல்போர்னில் அவர்தான் கேப்டன்.

தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் ஒன்று வரப்போகிறது என்று சொல்லப்பட்டதை நம்பி, 1985-ல் தன் சேகரிப்பை இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். 36 பதக்கங்கள், மெல்போர்னில் அணிந்த கேப்டன் பிளேசர், 100-க்கும் மேற்பட்ட புகைப்படங்கள். எல்லாம் நாட்டுக்கே சேரட்டும் என்று கொடுத்தது.

2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் அங்கே நடந்த கண்காட்சிக்காக அந்தப் பொருட்கள் தேவைப்பட்டன. விசாரித்தபோதுதான், அவை எங்கே இருக்கின்றன என்று காட்ட ஒரு பதிவும் இல்லை என்பது தெரிய வந்தது. குடும்பத்தினர் கடிதம் எழுதினார்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள், அமைச்சர்கள் வரை போனார்கள். பதக்கங்கள் திரும்பக் கிடைக்காமலேயே 2020 மே 25 அன்று பல்பீர் சிங் காலமானார்.

ஒலிம்பிக் சாம்பியன் கொடுத்த பதக்கத்துக்கே இந்தக் கதி என்றால், நம்ம வீட்டு பிஸ்கட் டப்பா எந்த மூலை?

அமெரிக்காவில் ஒரு தொழிலாளி கொடுத்த கார்டுகள்

இதற்கு நேர் எதிரான கதை ஜெஃபர்சன் பர்டிக்குடையது. பணக்காரர் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலைத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காத நிலை. சிகரெட் பெட்டியிலும் மிட்டாயிலும் இலவசமாக வந்த அட்டைகள், விளம்பரச் சீட்டுகள், வாழ்த்து அட்டைகள் என்று ஊர் தூக்கிப் போட்டதை எல்லாம் சேர்த்தார். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். அதில் பேஸ்பால் கார்டு மட்டும் 30 ஆயிரத்துக்கும் அதிகம்.

1940-களின் கடைசியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தை அணுகினார். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் நீங்களே வகை பிரித்து, ஆல்பத்தில் அடுக்கி, பட்டியல் போட்டுத் தர வேண்டும் என்றது அருங்காட்சியகம். பர்டிக் ஒப்புக்கொண்டார். வீட்டில் இருந்தும், பிறகு அருங்காட்சியகத்துக்கே நேரில் வந்தும் ஆண்டுக்கணக்கில் அந்த வேலையைச் செய்தார். 1963 ஜனவரியில் கடைசி ஆல்பத்தை முடித்தார். இரண்டே மாதத்தில் இறந்துபோனார்.

அந்தத் தொகுப்பில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் 'டி206' வரிசை கார்டும் இருக்கிறது. அதே கார்டின் வேறொரு பிரதி 2022-ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. 'டி206' என்ற அந்தப் பெயரே பர்டிக் தயாரித்த பட்டியலில் இருந்து வந்ததுதான். கார்டு சேர்ப்பவர்கள் இன்றைக்கும் அவர் வைத்த எண்களைத்தான் சொல்கிறார்கள். (ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். கார்டுகளைப் பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டிவிட்டார். இன்றைய பாதுகாப்பு நிபுணர்கள் பதறிவிடுவார்கள்.)

பல்பீர் கொடுத்ததோடு ஒப்பிட்டால் பர்டிக்கின் பொருட்கள் ஒன்றுமே இல்லை. அட்டைத் துண்டுகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது, பட்டியல் இருந்தது. அதனால்தான் 60 வருஷம் தாண்டியும் கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள்.

நம்ம ஊர் கார்டுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கா?

பண மதிப்பைக் கேட்டால், பெரும்பாலானவற்றுக்கு இல்லை. 1980-களின் கடைசியில் 'பிக் ஃபன்' பபிள்கம் வாங்கினால் கூடவே கிரிக்கெட் கார்டு வரும். ரன், விக்கெட் என்று எண்ணிக்கை அச்சடித்திருக்கும். சேர்த்துக் கொடுத்தால் பரிசு. பரிசு ஆசையில் பாதிப் பேர் கார்டையே கொடுத்துவிட்டார்கள். மிச்சத்தை மழையும் கரையானும் பார்த்துக்கொண்டன. 90-களில் வந்த ட்ரம்ப் கார்டுகளோ, விளையாடி விளையாடியே முனை மழுங்கியவை.

ஆனால் ஒரு அருங்காட்சியகம் விலையை மட்டும் பார்ப்பதில்லை. தொலைக்காட்சி எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில் ஒரு திருச்சிப் பையனுக்கு கவாஸ்கரின் முகம் எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு அந்த டப்பா பதில் சொல்லும். அதிலும் முழு செட்டாக, சேர்த்தவர் யார், எந்தக் கடையில் வாங்கியது, எந்தப் பள்ளிக்கூட வாசலில் மாற்றிக்கொண்டது என்ற குறிப்போடு இருந்தால்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா ஒரு விளம்பரப் பலகை ஓவியர். புத்தகம், பத்திரிகையோடு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுபவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது.

திருச்சியில் யாரிடம் கொடுக்கலாம்?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் மியூசியம் எதுவோ அங்கே போய் நிற்பது. ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மஹாலில் இருப்பது அரசு அருங்காட்சியகம். 1983-ல் தொடங்கியது. கற்சிலைகள், பழங்காசுகள், இயற்கை வரலாற்றுப் பொருட்கள் அங்கே அதிகம். ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகம் நாயக்கர் கால தந்தச் சிற்பங்களுக்குப் பேர் போனது. அங்கே போய் ட்ரம்ப் கார்டை நீட்டினால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அதில் தவறும் இல்லை.

திருச்சி ரயில்வே அருங்காட்சியகம் வேறு மாதிரி. உங்கள் தாத்தா பொன்மலை பணிமனையில் வேலை பார்த்து ரயில்வே அணிக்கு ஆடியவர், அவருடைய அணிப் புகைப்படமும் சான்றிதழும் இருக்கிறது என்றால் அவர்களிடம் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. தமிழில் வந்த விளையாட்டு இதழ்கள், அச்சுப் பொருட்கள் என்றால் ரோஜா முத்தையா நூலகம். கிரிக்கெட்டுக்கென்றே புனேவில் 'பிளேட்ஸ் ஆஃப் குளோரி', பல விளையாட்டுகளுக்கும் சேர்த்து கொல்கத்தாவில் 'ஃபேனட்டிக்' என்று தனியார் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. தனியார் என்றால் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக்கு மூடிவிட்டால் பொருள் யாருக்கு?

முதலில் பொருளைக் கொண்டுபோகாதீர்கள். நான்கைந்து போட்டோவும் ஒரு பக்கப் பட்டியலும் அனுப்பிக் கேளுங்கள். 'முழுசும் வேண்டாம், இந்த இருபது மட்டும் போதும்' என்றும் சொல்லலாம். மனசு சுருங்க வேண்டாம், அவர்களுக்கும் அலமாரி அவ்வளவுதான்.

கையில் என்ன காகிதம் வாங்க வேண்டும்?

பல்பீர் விஷயத்தில் இல்லாமல் போனது இதுதான். 'நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்ற ஒரு வரிக் கடிதத்தோடு திரும்பி வராதீர்கள். என்னென்ன பொருள், எத்தனை, எந்த நிலையில் என்று பட்டியல் இணைத்த நன்கொடைப் பத்திரம் வேண்டும். இரண்டு பக்கமும் கையெழுத்து. ஒரு பிரதி உங்களிடம்.

அடுத்து, சேர்க்கை எண். அருங்காட்சியகத்துக்குள் வரும் பொருளை ஒரு பதிவேட்டில் ஏற்றி, அதற்கென்று ஒரு எண் கொடுப்பார்கள். வண்டிக்கு ஆர்.சி. புக் மாதிரி. அந்த எண் விழுகிற வரை உங்கள் டப்பா யாரோ ஒருவர் மேஜைக்கு அடியில் இருக்கும் டப்பாதான். அதிகாரி மாறினால் டப்பாவும் மாறும். சில மாதம் கழித்தாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசு நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

எப்போதும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். எந்த நல்ல அருங்காட்சியகமும் ஒத்துக்கொள்ளாது. பெரும்பகுதிப் பொருட்கள் கிடங்கில்தான் இருக்கும். பதிலாக, டிஜிட்டல் படம் எடுத்து உங்களுக்கு ஒரு பிரதி தருவார்களா, பின்னாளில் வேண்டாம் என்று முடிவெடுத்தால் முதலில் உங்கள் குடும்பத்துக்குச் சொல்வார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கொடுக்க மனசு வரவில்லையா? குறிப்பிட்ட காலத்துக்கு இரவலாகக் கொடுக்கும் ஒப்பந்தமும் உண்டு.

வரி விலக்கு கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கிடைக்காது. 80ஜி சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான், பொருளுக்கு இல்லை.

வீட்டில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை சம்மதம் வாங்குவதையும் மறந்துவிடாதீர்கள். அப்பா சேர்த்தது எல்லோருக்கும் பொது. கொடுத்த பிறகு ஒருவர் திருப்பிக் கேட்டு நிற்பது அருங்காட்சியகத்துக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி.

கொடுக்கும் வரை எப்படி வைப்பது?

ரப்பர் பேண்டை உடனே எடுங்கள். திருச்சி வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படமே உரிந்து வரும். செல்லோடேப் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது, பாதுகாக்கிறோம் என்று நினைத்துச் செய்கிற பெரிய கெடுதல் அது. பரணில் இருந்து இறக்கி, ஓட்டுச் சூடும் சுவர் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

பிறகு செல்போனில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். சேர்த்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பட்டியல் தயாரானதும் ராணி மங்கம்மாள் மஹாலில் காப்பாட்சியரைப் பார்த்து யோசனை கேட்கலாம். அவர்களே எடுக்காவிட்டாலும், எங்கே போகலாம் என்று விசாரிக்க அது நல்ல இடம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீங்க, விடுமுறை.