கருஞ்சீரகமும் கரிசல் மண்ணின் நிலாவரையும்





ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலுக்கு வந்தால், அத்தர், தொப்பி, மிஸ்வாக் ஆகியவற்றுக்கு நடுவே கருஞ்சீரக எண்ணெய்க் குப்பிகளும் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். குப்பியில் ஒட்டிய தாளில் ஹதீஸ் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழே சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, முடி உதிர்தல், புற்றுநோய் என்று நீண்ட பட்டியல் இருக்கும். வாங்கிச் செல்பவர்களில் சிலர் அந்தப் பட்டியலை நம்பி, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். "நபி (ஸல்) அவர்களின் சொல்லில் நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று வீட்டாரிடம் கேட்பவர்களும் உண்டு. கேள்வி ஈமானைத் தொடுவதால் வீட்டார் வாயடைத்துப் போகின்றனர். எனவே அந்த நபிமொழி சொல்வது என்ன, நம் முன்னோர்களான இமாம்கள் அதை எவ்வாறு விளங்கினார்கள் என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், 'சாம்' நீங்கலாக எல்லா நோய்க்கும் கருப்பு விதையில் நிவாரணம் இருப்பதாக அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறியது பதிவாகியுள்ளது. 'சாம்' என்றால் மரணம் என்றும், கருப்பு விதை என்பது 'ஷூனீஸ்' என்றும் இமாம் இப்னு ஷிஹாப் (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள் (புகாரி: 5688). அந்த ஷூனீஸ்தான் நாம் கருஞ்சீரகம் என்றும், உருது பேசும் சகோதரர்கள் கலோன்ஜி என்றும் அழைக்கும் விதை. ஆதாரத்தில் குறையில்லை, ஐயத்திற்கு இடமில்லாத ஸஹீஹான ஹதீஸ் இது.

இதற்கு முந்தைய ஹதீஸையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலிப் இப்னு அப்ஜர் அவர்கள் பயணத்தில் நோயுற்று, மதீனா வந்து சேர்ந்த பின்னும் குணமடையாமல் இருந்தார். அவரைக் காண வந்த இப்னு அபீ அதீக் அவர்கள், ஐந்து அல்லது ஏழு விதைகளை எடுத்து நசுக்கி, எண்ணெயில் கலந்து, மூக்கின் இரு துவாரங்களிலும் சொட்டுகளாக விடச் சொன்னார். ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகத் தாம் கேட்ட நபிமொழியையே அதற்கு ஆதாரமாகவும் எடுத்துரைத்தார் (புகாரி: 5687). இங்கே எத்தனை விதை, என்ன பக்குவம், உடலில் எந்த வழி என்பதெல்லாம் இருப்பதைக் கவனியுங்கள். அவர் சொன்னது, நசுக்கிய விதையை எண்ணெயில் கலப்பது. இன்று குப்பியில் வருவதோ விதையையே பிழிந்தெடுத்த நெய். இரண்டும் ஒன்றல்ல.

'எல்லா நோய்க்கும்' என்ற சொல்லை எப்படி விளங்குவது? கோவில்பட்டி வட்டாரத்து வாசகர்கள் இதற்காகப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை; காட்டுப் பக்கம் போனாலே போதும். கருஞ்சீரகம் நம் கரிசலில் விளைவதில்லை. அது ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் போன்ற வடமாநிலங்களின் பனிக்காலப் பயிர். நமக்கு மூட்டையில் வருகிறது. ஆனால் நபிமருத்துவத்தின் மற்றொரு மூலிகை, உளுந்தும் பாசியும் பருத்தியும் மல்லியும் விளையும் இந்தத் தென்மாவட்ட மானாவாரி நிலங்களிலேயே முளைக்கிறது. அதுதான் 'ஸனா' என்று ஹதீஸ்களில் வரும் நிலாவரை. சில ஊர் விவசாயிகள் அதனை அவுரி என்றே சொல்வார்கள். (சாயம் எடுக்கும் நீல அவுரி வேறு.) நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் விளையும் இந்த இலை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குப் போகிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும், மேல்நாட்டு மருந்து நூல்களில் அதன் பெயர் 'திருநெல்வேலி சென்னா' என்றே நிலைத்துவிட்டது.

இப்னு மாஜாவில் வரும் ஒரு ஹதீஸில் (எண்: 3457), ஸனாவுக்கும் ஸன்னூத்துக்கும் கருஞ்சீரகத்துக்குச் சொல்லப்பட்ட அதே தன்மை சொல்லப்பட்டுள்ளது. சாமைத் தவிர எல்லா நோய்க்கும் அவ்விரண்டிலும் நிவாரணம் உண்டு என்பதே அதன் கருத்து. நிலாவரை என்ன செய்யும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அது பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு அதைவிட நல்ல இலை அரிது. வயிற்றுப்போக்கால் வாடிக் கிடக்கும் குழந்தைக்கு, 'ஹதீஸில் எல்லா நோய்க்கும் என்று வந்திருக்கிறதே' என்று யாராவது நிலாவரைக் கஷாயம் கொடுப்பார்களா? கொடுத்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. நிலாவரையில் எளிதாகப் புரிகிற இந்த நியாயம், கருஞ்சீரகத்தில் மட்டும் நமக்கு ஏன் புரியாமல் போகிறது?

இமாம்களும் இதையே பேசியிருக்கிறார்கள். இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள், சொல் பொதுவாக இருந்தாலும் கருத்து குறிப்பானது என்றும், குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் உண்டாகும் நோய்களையே அது குறிக்கும் என்றும் விளக்கினார்கள். இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ஆது சமூகத்தை அழித்த காற்றைப் பற்றிய வசனத்தை உவமை காட்டுகிறார்கள். அக்காற்று எல்லாவற்றையும் அழிப்பதாகக் கூறும் அந்த வசனமே (46:25) அவர்களின் வீடுகள் எஞ்சி நின்றதையும் சொல்கிறது. அழியத்தக்கவை அழிந்தன என்பதே பொருள். ஹதீஸின் பொதுச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிட்ட இப்னு அபீ ஜம்ரா (ரஹ்) போன்ற பெரியவர்களும் உண்டு. ஆனால் அவ்விதையைத் தனியாகவும் தரலாம், வேறு மருந்துடன் சேர்த்தும் தரலாம், உண்ணவும் பூசவும் மூக்கிலிடவும் செய்யலாம் என்ற விளக்கமும் ஹதீஸ் விரிவுரைகளில் உடன் வருகிறது. மற்ற சிகிச்சையை விட்டுவிடுங்கள் என்பது இதன் பொருளன்று. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயால் வருந்தியபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் போகும்படி அண்ணலார் (ஸல்) அவர்களே அனுப்பி வைத்தார்கள் (அபூதாவூத்: 3875).

இனி எண்ணெயின் தன்மைக்கு வருவோம். விதையின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எண்ணெய்ச் சத்து. அதில் பெரும்பகுதி, சூரியகாந்தி எண்ணெயிலும் உள்ள லினோலிக் அமிலம். கருஞ்சீரகத்திற்கே உரிய மணத்தையும் மருந்துக் குணத்தையும் தருவதில் முதன்மையானது 'தைமோகுயினோன்' என்ற பொருள். அது வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெடக்கூடியது. ஆகவே எண்ணெயைக் கருநிறக் குப்பியில், அடுப்பங்கரைக்குத் தள்ளி வைப்பது நல்லது.

சர்க்கரை நோயாளிகள் 94 பேரைக் கொண்டு சவூதி அரேபியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. மூன்று பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1, 2, 3 கிராம் வீதம் கருஞ்சீரகம் மூன்று மாதம் தரப்பட்டது. 2 கிராம் உண்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்கு குறைந்தது. 3 கிராமாகக் கூட்டியதில் அதிகப் பயன் இல்லை. இரண்டு கிராம் என்பது ஒரு தேக்கரண்டியைக்கூட நிரப்பாத அளவு. அவர்கள் அனைவரும் தங்கள் மாத்திரைகளை உண்டுகொண்டேதான் இதையும் உண்டார்கள். 'கருஞ்சீரகம் சர்க்கரையைக் குறைக்கும்' என்று எடுத்துக்காட்டுவோர் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும் என்பதால், தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்வது அவசியம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும் அப்படியே. கருவுற்ற சகோதரிகள் ரொட்டியில் தூவும் அளவோடு நிறுத்திக்கொண்டு, எண்ணெயைக் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழகத்தில் 2021இல் தொடங்கியது. வாசலில் வந்த மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு எண்ணெய்க்குக் காசு கொடுப்பது பேணுதலாகாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. காலிப் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை அதற்கு ஆதாரமாக்காதீர்கள். அவர் வளர்ந்த மனிதர். நோய்க்காக, எண்ணி எடுத்த விதையால் செய்யப்பட்டது அது. பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழலில் எண்ணெய் இறங்கினால் நுரையீரலில் அழற்சி உண்டாகும்.

அழகுக்காகப் பயன்படுத்துவதில் தடையில்லை. முடி உள்ளவர் அதைப் பேணட்டும் என்பது நபிவழி (அபூதாவூத்: 4163). கரிசல் காட்டு வெயிலில் வேலை செய்யும் பெண்களுக்கு வறண்ட தலைக்கும், வெடித்த குதிகாலுக்கும் எண்ணெய்ப் பசை நன்மையே செய்யும். கருஞ்சீரக எண்ணெய் காரமுள்ளது. சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் வருவதுண்டு. தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சில துளிகள் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒருநாள் பார்த்த பின்பே முகத்துக்கும் தலைக்கும் பூசுங்கள். நரைத்த முடி இதனால் கறுத்துவிடும் என்பது விற்பவர் சொல். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா அவர்கள் வெள்ளை வெளேரென்ற நரையோடு அழைத்து வரப்பட்டார்கள். நிறத்தை மாற்றுங்கள், கறுப்பைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்றே அண்ணலார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (முஸ்லிம்: 2102). மருதாணி இருக்கிறது, கவலை எதற்கு?

விற்பனை செய்யும் சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று கிலோவோ அதற்கு மேலோ விதை செல்லும். ஆகவே விதையின் விலையைப் போல மூன்று மடங்குக்குக் குறைவாக எண்ணெய் கிடைத்தால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று கேட்கத்தான் வேண்டும். விதையிலும் வெங்காய விதையைக் கலப்பதுண்டு. உள்ளங்கையில் வைத்து நசுக்கினால், கருஞ்சீரகம் கற்பூரம் கலந்தாற்போன்ற கார மணம் தரும், நாவில் கசக்கும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தைக் கண்டுபிடித்து, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நபியின் (முஸ்லிம்: 102) ஹதீஸை ஒட்டி விற்கப்படும் சரக்கு இது. சர்க்கரை, கொதிப்பு, புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றமாகும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவரே அதன் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்பது ஷரீஅத்தின் தீர்ப்பு (அபூதாவூத்: 4586). குப்பியில் விதை வந்த ஊரையும், பிழிந்த நாளையும், உரிம எண்ணையும் அச்சிடுங்கள். நோய்ப் பட்டியலை எடுத்துவிடுங்கள். வாங்குவோரும் முதலில் அந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.