இல்லமே பணிமனையானால்

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனை ஒப்பாதார் இலர். தம் வீட்டளவில் கைக்கொள்வோர் மிகச் சிலரே.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, நகரங்களிற் கணினித் தொழில் புரிந்த வாலிபர் பலர் சொந்த ஊர் திரும்பிப் பெற்றோர் இல்லத்திலிருந்தே அலுவல் பார்க்கத் தலைப்பட்டனர். கொள்ளைநோய் தணிந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றும் ஒழியவில்லை. தையல் முதலிய தொழில்களை வீட்டிலே செய்வோர் அதற்கு முன்பே பலர் உளர்.

தொழிற்சாலைகளிலே தீ விபத்து நேரின் தப்புதற்கு வழி இருத்தல் வேண்டுமென்றும், 150 தொழிலாளருக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டி வைத்தல் வேண்டுமென்றும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. வீட்டிலே உழைப்போனுக்கோ முதலாளியும் மேற்பார்வையாளனும் காவலாளியும் அவனே. பணிமனையினின்று மேசையும் கணினியும் வீட்டிற்கு வந்தன. தீயணைப்பானும் மருந்துப் பெட்டியும் உடன் வரவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் அத்தகைய வீடொன்றை மனத்திற் கொள்வோம். மாடியறையிலே மகன் கதவைச் சாத்திக் காதுகளில் ஒலிக்கருவி பூட்டி அமர்ந்திருக்கிறான். கீழே அன்னை அடுப்படியில் இருக்கிறாள். அவள் அலறினாலும் அவன் செவிக்கு எட்டாது. வீட்டில் இருந்தும் இல்லாதவனாகிய இந்நிலையே பேரபாயம். கும்பகோணத்திலே 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. அடுப்பும் அலுவலும் ஒரு கூரையின்கீழ் அமையுமிடத்து எத்துணை விழிப்பு வேண்டுமென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முதலாவது, மின்சாரம். எம்.சி.பி. என்னும் சாதனம் மின்கம்பி அளவுக்கு மீறிச் சூடேறாமற் காப்பதேயன்றி மனிதனைக் காப்பதன்று. மனிதவுயிரைக் காப்பது, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு நேரினும் இமைப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகும். ஒரே செருகுபலகையில் கணினி, விசிறி, மின்னடுப்பு அனைத்தையும் பூட்டுதல் தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

இரண்டாவது, தீயணைப்பான். வீட்டிற்கு ஏற்றது உலர்தூள் நிரப்பிய ஏ.பி.சி. வகை. அதனை அடுப்பருகே மாட்டாது வாயிலருகே மாட்டுக. தீயைத் தாண்டிச் சென்று எடுக்கவியலாதன்றோ? முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் நோக்குக. ஊசியை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இருபுறமும் வீசுக. சிறிய கலத்தின் தூள் சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும். ஆதலின் தீ சிறிதாயின் அணைக்க, பெரிதாயின் வெளியேறுக. கொதியெண்ணெயிலும் மின்கருவியிலும் பற்றிய தீயில் நீர் ஊற்றலாகாது.

மூன்றாவது, எரிவாயு. இது காற்றினும் கனமுடையதாதலின் தரையோடு படரும். நாற்றம் கண்டவுடன் எந்த மின்விசையையும் தொடாது, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே சென்று 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசுக.

நான்காவது, முதலுதவிப் பெட்டி. தூய பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், கிருமிநாசினி, கைவிளக்கு என்பன அதிலிருத்தல் வேண்டும். தீப்புண்ணிற்குப் பற்பசையும் மையும் பூசுவது தீமையே. ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவதே நன்று.

இக்கருவிகளனைத்தும் இருந்தும், பயிற்சி இல்லையேல் பயனில்லை. தீயணைப்புக்கு 101, நோயாளர் ஊர்திக்கு 108, எவ்வகை அவசரத்திற்கும் 112 என்பவற்றைச் சுவரில் எழுதி வைக்க. வீட்டின் அடையாளத்தைச் சுருங்கச் சொல்லக் குழந்தைகளும் பழகவேண்டும். வடகாடு, பாச்சலூர் முதலிய மலையூர்களுக்கு வளைந்தேறும் பாதையில் உதவி வந்துசேரக் காலதாமதமாகும். அதுவரை காப்பது நம் ஆயத்தமே.

நண்பர்காள்! இவ்விதழை மூடியவுடன் எழுந்து, நும் இல்லத்து வாயிலருகே யாது மாட்டியுள்ளதென்று ஒருமுறை நோக்குவீராக. நாட்காட்டி மட்டுமே காணப்படுமாயின், அதில் இன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு, இன்றே தொடங்குவீராக.