ஒரு வெள்ளைத்தாள், இரண்டு சாட்சிகள்... உயில் எழுதிவிட்டீர்களா?

அந்த வீடு அவர் கட்டியது. லேத் பட்டறையில் இருபது வருடம் உழைத்து, சீட்டு போட்டு, மனைவியின் நகையை விற்று, மாடிப்படிக்கு மட்டும் இன்னும் டைல்ஸ் ஒட்டாமல் வைத்திருந்த வீடு. பத்திரம் அவர் பெயரில். 44 வயதில் ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போகவில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தெருதான். காரியமெல்லாம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டின் பேரில் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். மேனேஜர் வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அதில் நான்கு பெயர்கள்: அக்கா, மகள், பத்தாவது படிக்கும் மகன், ஊரில் இருக்கும் மாமியார்.

``நாலு பேருக்கும் சம பங்கும்மா. எல்லாரும் கையெழுத்து போடணும். பையன் மைனர், அவன் பங்கை அடமானம் வைக்கணும்னா கோர்ட் அனுமதி வேணும்.''

``எம் புருஷன் கட்டின வீடு சார்... எனக்கு எழுதினதுன்னு வெச்சுக்கக் கூடாதா?''

``எழுதலையேம்மா.''

மாமியார் கையெழுத்து போடத் தயாராகத்தான் இருந்தார். ஆனால், மகன் போன துக்கத்தில் படுத்தவர், அந்தத் தை மாதம் தாண்டவில்லை. இப்போது அவருடைய கால் பங்கு அவர் வாரிசுகளுக்குப் போனது. இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு ஒரு பாகம், சேலத்தில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு பாகம், சூரத்தில் வேலை பார்க்கும் கொழுந்தனாருக்கு ஒரு பாகம். அந்த வீட்டில் ஒருநாள்கூட தங்காத இருவருக்கு ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு.

நாத்தனார் அடுத்த வாரமே வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டுவிட்டுப் போனார். கொழுந்தனார், ``யோசிச்சு சொல்றேன் அண்ணி'' என்றார். இரண்டு வருடம் யோசித்தார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அது அவர் பங்கு என்று சட்டமே சொல்லும்போது நாம் என்ன சொல்வது?

`பொண்டாட்டிக்குத்தானே எல்லாம்?'

நம்மில் பெரும்பாலானோர் நினைப்பது இதுதான். கணவர் இறந்தால் சொத்து மனைவிக்கு, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு. ஆனால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா அனைவரும் முதல் நிலை வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை என்பது இன்னொரு வேடிக்கை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியர்கள் தங்கள் மதச் சட்டப்படி, கடனும் இறுதிச்சடங்குச் செலவும் போக மீதமுள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் தேவை; வாரிசு ஒருவருக்கே எழுதுவதென்றாலும் மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். இனி சொல்லப்போவது பெரும்பாலும் மற்றவர்களுக்கு.

அம்மாவை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அம்மாவுக்குக் கடைசிவரை அந்த வீட்டில் தங்க உரிமை, மாதம் இவ்வளவு ரூபாய், மருத்துவச் செலவு என்று உயிலிலேயே எழுதிவைக்கலாம். கால் பங்கு சுவரைவிட அவருக்கு அதுதான் உதவும். யாருக்கு எது தேவை என்பது உங்களுக்குத் தெரியும், சட்டத்துக்குத் தெரியாது.

நம் பெண்கள் விஷயத்தில் இன்னும் சிக்கல்

குழந்தையில்லாத, கணவரை இழந்த ஓர் இந்துப் பெண், தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய ஃப்ளாட்டை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால் அது யாருக்குப் போகும்? பெற்ற தாய் தந்தைக்கு என்று நினைப்போம். இல்லை. கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில்.

2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. திருமணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்தபடி படித்து வேலைக்குப் போன பெண் அவர். 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய வங்கிச் சேமிப்பும் பி.எஃப் பணமும் யாருக்கு என்பதுதான் கேள்வி. அவரைப் படிக்கவைத்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றது நீதிமன்றம். ஒரே ஒரு தாளில் அவர் எழுதி வைத்திருந்தால் அந்த வழக்கே இல்லை.

`எனக்கென்ன பெரிய சொத்து, இந்த நாலு வளையலும் ஆர்.டி-யும்தானே' என்று நினைக்கிற தோழிகள் இதை ஒருமுறை யோசியுங்கள்.

செலவு எவ்வளவு?

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இருபது ரூபாய் பத்திரம்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில், கையாலோ கணினியிலோ, தமிழிலோ வேறு எந்த மொழியிலோ எழுதலாம். நோட்டரி முத்திரை அவசியமில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை.

சட்டம் கேட்பது இவ்வளவுதான்: எழுதுபவர் 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். தாளில் அவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும்.

அந்தச் சாட்சிகளில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மகனுக்குச் சொத்து எழுதிவிட்டு மகனையே சாட்சியாக வைப்பார்கள். உயிலால் பயன்பெறுபவரும் அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருக்க வேண்டாம். கிறிஸ்தவர்கள் உயிலில் அப்படிச் செய்தால் அவருக்கு எழுதிய பகுதியே செல்லாமல் போய்விடும். மற்றவர்கள் உயிலில் சந்தேகத்துக்கு வழிவிடும். அதேபோல, எண்பது வயதுப் பெரியவரை மரியாதைக்காகச் சாட்சியாக்காதீர்கள். நாளைக்கு யாராவது வழக்கு போட்டால், சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து `ஆமாம், என் கண் முன்னால்தான் கையெழுத்து போட்டார்' என்று சொல்ல வேண்டும். உங்களைவிட வயதில் சிறியவர், ஊரை விட்டுப் போகாதவர், சொத்தில் சம்பந்தமில்லாதவராகப் பாருங்கள். எழுதுபவர் வயதானவர் என்றால், அன்றைய தேதியில் டாக்டரிடம் `நல்ல நினைவுடன் இருக்கிறார்' என்று ஒரு சான்றிதழ் வாங்கி இணைத்துவிடுங்கள்.

போனிலேயே எல்லாம் முடிக்கிற காலம் என்பதால் ஒன்று: வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலோ, இ-மெயிலில் எழுதினாலோ அது உயில் ஆகாது. மின்னணு ஆவணங்களுக்கான சட்டத்திலிருந்து உயிலுக்கு விலக்கு இருக்கிறது. தாள், பேனா, நேரில் சாட்சி. கையெழுத்து போடுவதை வீடியோ எடுத்து வைத்தால் பின்னால் ஆதாரமாக உதவலாம், அவ்வளவே.

என்ன எழுதுவது?

பத்திர எழுத்தர் தமிழ் தெரிய வேண்டியதில்லை. புரியும்படி இருந்தால் போதும். உதாரணத்துக்கு இப்படித் தொடங்கலாம்:

*`......... முகவரியில் வசிக்கும், .........-ன் மகளும் ... வயது உடையவளுமான ......... ஆகிய நான், நல்ல நினைவுடனும், யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமலும் எழுதும் உயில் இது. இதற்கு முன் நான் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன். என் காலத்துக்குப் பிறகு, கீழே விவரம் கண்ட வீடு என் கணவர் .........-க்கு முழு உரிமையுடன் சேர வேண்டும். அவர் எனக்கு முன் காலமாகியிருந்தால் என் மகளுக்கும் மகனுக்கும் சம பங்காகச் சேர வேண்டும். இதில் குறிப்பிடாத, இனி நான் சம்பாதிக்கக்கூடிய சொத்துகள் அனைத்தும் .........-க்குச் சேர வேண்டும். இந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை .........-யிடம் ஒப்படைக்கிறேன்.'*

கீழே சொத்து விவரம்: பத்திர எண், சர்வே எண், அளவு, நான்கு எல்லை, வங்கிக் கணக்கு, நகை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசியில் தேதி, சாட்சிகளின் பெயர், முகவரி.

`முழு உரிமையுடன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். `ஆயுள்வரை அனுபவித்து, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு' என்று எழுதினால், உங்கள் மனைவி அந்த வீட்டில் வாழலாம்; ஆனால், அவசரத்துக்கு விற்க முடியாது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எது வேண்டும் என்று தெரிந்து எழுதுங்கள்.

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். மறுமணம், சிறப்புக் குழந்தை, பாகப்பிரிவினை ஆகாத நிலம், ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுப்பது என்று ஏதாவது சிக்கல் இருந்தால் சிக்கனம் பார்க்காமல் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள். சென்னை நகருக்குள் சொத்து இருப்பவர்களும் `புரொபேட்' விஷயத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதற்கும் வசதியில்லை என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச ஆலோசனை உண்டு. தொலைபேசி எண் 15100.

பதிவு செய்யலாமா?

செய்வது நல்லது. தொலைந்தாலும், யாராவது கிழித்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். `பதிவு செஞ்சா மருமகளுக்குத் தெரிஞ்சிடுமே' என்று பயப்படுபவர்களுக்கு: உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாகின்றன. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நீங்களோ உங்கள் அதிகாரம் பெற்றவரோ தவிர வேறு யாரும் அதன் நகலை வாங்க முடியாது. நடக்க முடியாதவர்கள் கேட்டுக்கொண்டால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

இந்த `மாற்றலாம்' என்பது சாதாரண விஷயமில்லை. `இப்பவே செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துடுங்கப்பா, உயில்னா பின்னால பிரச்னை' என்று பிள்ளைகள் சொல்லி, பெற்றோர் கையெழுத்து போட்டுவிடுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறோம். செட்டில்மென்ட் எழுதிய நாளிலேயே சொத்து கைமாறிவிடும். பிறகு சோறு போடவில்லை என்றால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்கீழ் அதை ரத்து செய்யக் கேட்டு அலைய வேண்டும். உயிலில் உங்கள் மூச்சு இருக்கும்வரை வீடு உங்களுடையது.

`நாமினி போட்டிருக்கேனே' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே, உரிமையாளர் அல்ல என்று 1984-லேயே காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ல் பங்குகள் விஷயத்திலும் அதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 சட்டத்திருத்தம், பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்கள் நிலையைப் பலப்படுத்தியிருக்கிறது. திருமணத்துக்கு முன் தம்பி பெயரைப் போட்டுவிட்டு மறந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு, நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

அக்காவின் வீட்டுப் பிரச்னை ஒருவழியாகத் தீர்ந்தது. கொழுந்தனாரும் வந்து கையெழுத்து போட்டார். அவர் கேட்ட தொகையைக் கொடுக்க, கையிலிருந்த கடைசி நகையும் போனது. மகள் ஒரு வருடம் தாமதமாகக் கல்லூரியில் சேர்ந்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். இன்னொரு சாட்சி தெருமுனை மருந்துக்கடைத் தம்பி. நோட்டுப் புத்தகத்தில் நாலு தடவை எழுதிப் பார்த்து, ஐந்தாவது தடவை வெள்ளைத்தாளில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார். ஒன்றரைப் பக்கம்தான். ``இதுக்கா இவ்ளோ நாள் பயந்தோம்?'' என்று கேட்டுக்கொண்டே கையெழுத்து போட்டார். நாங்களும் போட்டோம். அவர் காபி போட்டுக் கொடுத்தார்.

மூலத்தை பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். நகல் அவர் அண்ணனிடம். எந்தத் தட்டு என்று மகளுக்குக் காட்டியாகிவிட்டது. பதிவு செய்யப் போகும்போது என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.