அரமும் நீல மையும்



கோலா தெர்லாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கொழுந்து வெட்டும் கத்தரியை அறியாத குடும்பம் இராது. ஒரு நல்ல கத்தரியை மூடி, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அலகுகளும் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்காது. நடுவிலே மெல்லிய கீற்றாக ஒளி தெரியும். அது செய்தவன் விட்ட குறையல்ல. அலகுகளை வேண்டுமென்றே இலேசாக வளைத்திருக்கிறார்கள். கத்தரியை மூடும்போது அவை ஒரே ஒரு புள்ளியில் தொட்டு, அந்தப் புள்ளி ஆணியிலிருந்து நுனிவரை ஓடும். அந்த ஓட்டத்தில்தான் கொழுந்து அறுபடுகிறது. இது தெரியாமல் சிலர் அலகின் உள்பக்கத்தையும் சாணைக்கல்லில் தேய்த்துவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு கூர் இருந்தாலும் கத்தரி கொழுந்தை வெட்டாது, மென்றுதான் போடும். கையில் வலிதான் மிச்சம்.

ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் இரண்டு உலோகத் துண்டுகளை இப்படிக் கையாலே பொருத்துவது ஒரு தனி வித்தை. அது மிக உயர்ந்து வளர்ந்த இடங்களில் ஒன்று துப்பாக்கிப் பட்டறை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

முற்காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் தனித்தனிப் பிறவி. ஒன்றின் விசையைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் பொருந்தாது. 1785ஆம் ஆண்டு ஓனோரே பிளாங் என்ற பிரெஞ்சுக்காரர், குவியலிலிருந்து கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் துப்பாக்கி விசைகளைப் பூட்டிக் காட்டினார். அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சன் அதைக் கண்டு வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். 1801இல் ஈலை விட்னி என்பவர் வாஷிங்டனில் அதையே செய்து பெயர் வாங்கினார். ஆனால் அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவையாக இல்லை. எல்லாம் அரத்தின் வேலை!

இயந்திரங்கள் முன்னேறிய பின்னும் அரம் ஓயவில்லை. ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியைப் பிரித்தால் சின்னச் சின்ன உறுப்புகளில்கூட எண் பொறித்திருக்கும். ஒரு துப்பாக்கிக்கென்று பொருத்தியது இன்னொன்றுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே அந்த எண். இன்றும் போட்டிகளில் குறி பார்த்துச் சுடுவோருக்காகச் சில கைவினைஞர்கள் குழலையும் மேல்மூடியையும் ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்ற கணக்கில் கையால் பொருத்துகிறார்கள். நாம் எழுதும் தாளின் கனமே ஏறக்குறைய ஆயிரத்தில் நான்கு அங்குலம் என்றால், இந்த அளவு எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும், பழுது பார்ப்பதும், வைத்திருப்பதும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே துப்பாக்கியை அங்கேயே விட்டுவிடுவோம். அதே வித்தை நம் தேயிலை ஆலையில் இருக்கிறது.

வாட்டிய கொழுந்தைச் சுருட்டும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். பித்தளைக் கட்டைகள் பதித்த வட்ட மேசைமீது கொழுந்துப் பெட்டி சுற்றிச் சுற்றி வரும். அதைச் சுழற்றும் வளைதண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு புஷ்ஷுக்குள் திரும்புகின்றன. அந்தப் புஷ் தேய்ந்தால் பெட்டி ஆடும், சுருட்டு சீராக இராது. புதுப் புஷ்ஷை இறுக்கமாகப் போட்டுவிட்டாலோ எண்ணெய்க்கு இடமிராது. தண்டு சூடேறி இறுகி நின்றுவிடும். அப்போது மேலே வாட்டுத் தொட்டியில் கிடக்கும் கொழுந்து யாருக்காகவும் காத்திராது. விடியற்குளிரில் நின்று வெட்டிய உழைப்பு அங்கே வெந்து சிவந்து கெடும்.

தண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி என்பது பிட்டர்கள் கையாளும் பழைய கணக்கு. இரண்டு அங்குலத் தண்டானால் ஆயிரத்தில் இரண்டு, அதாவது தாளின் கனத்தில் பாதி. இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே பிட்டர் மையைப் பேச வைக்கிறார். பிரஷ்ய நீலம் என்ற மையை எண்ணெயில் குழைத்துத் தண்டின்மேல் மிக மெல்லிதாகத் தடவுகிறார். புஷ்ஷின் பாதியை அதன்மேல் வைத்துச் சற்றே திருப்பி எடுக்கிறார். மேடு உள்ள இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த மேட்டை முக்கோணச் சுரண்டியால் இலேசாகச் சுரண்டுகிறார், துடைக்கிறார், மறுபடி மை தடவுகிறார். முதலில் மூன்று நான்கு பொட்டுகள்தான் தெரியும். பத்து இருபது முறை செய்த பிறகு பொட்டுகள் பெருகி எங்கும் பரவும். மையைத் தடிப்பாகத் தடவினால் பள்ளத்திலும் ஒட்டிப் பொய் சொல்லும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

அந்தச் சுரண்டியை அநேகமாகக் கடையில் வாங்குவதில்லை. தேய்ந்துபோன முக்கோண அரத்தின் பற்களைச் சாணையில் எடுத்துவிட்டுத் தாமே செய்துகொள்வார்கள். அரத்திலும் ஒரு சிக்கனம் உண்டு. புது அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்தி, கூர் சற்று மழுங்கிய பிறகே இரும்புக்குக் கொண்டுவருவார்கள். மழுங்கிய அரம் பித்தளையில் வழுக்கும், இரும்பைக் கடிக்கும். பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டால் துகள் அடைத்துக் கீறல் விழாது. முன்னே தள்ளும்போதுதான் அழுத்தம், திரும்பும்போது கிடையாது. கை ஆடினால் பரப்பு தட்டையாக வராமல் முதுகுபோல் வளைந்துவிடும். தட்டையாக ராவக் கற்றுக்கொள்ளவே வாரக்கணக்கில் ஆகும். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் பிள்ளைகள் இது சலிப்பூட்டுகிறது என்று குறைப்படுவதுண்டு. நாங்கள் அவர்கள் பக்கம் பேசமாட்டோம்.

எதை ராவுவது என்பதும் ஒரு கேள்வி. எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே விலை உயர்ந்த தண்டில் கை வைக்காமல், மலிவான புஷ்ஷைத்தான் குறைக்க வேண்டும். துப்பாக்கிக் கைவினைஞரும் அப்படியே. உடற்சட்டத்தை விட்டுவிட்டு, மாற்றக்கூடிய சிறு உறுப்பையே ராவுவார். அக்காலத்தில் தேயிலை இயந்திரங்கள் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளிலிருந்து கப்பலேறின. உதிரி உறுப்பு வர மாதக்கணக்காகும் என்பதால், ஒரு தண்டைக் கெடுத்தவரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பொருத்தி முடித்ததும், புஷ்ஷின் இரண்டு பாதிகளிலும் ஒரே அடையாளத்தைக் குத்தி வைப்பார்கள். லூகர் துப்பாக்கியின் எண்ணுக்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். பாதிகளை மாற்றிப் பூட்டினால் சுரண்டியதெல்லாம் வீண். பிறகு எண்ணெய் விட்டு, பட்டையைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையாலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். எங்கேயும் பிடிக்கவில்லையென்றால் கொழுந்து போடாமல் அரை மணி நேரம் ஓடவிட்டு, இயந்திரத்தை நிறுத்தியபின் புஷ்ஷின் கூட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். கை பொறுக்கும் சூடாக இருந்தால், மேலே இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கொழுந்தை இறக்கச் சொல்வார்.