நாலு பக்கமும் சரி, மூலைவிட்டம் எங்கே?

மனைப் பத்திரத்தின் சொத்து விவரம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். முதலில் நான்கு மால். அடுத்து, கிழமேலடி வடபுறம் 40, தென்புறம் 40. தென்வடலடி கீழ்புறம் 60, மேல்புறம் 60. ஆக 2,400 சதுரடி. ஆனால் இந்த நான்கு அளவுகளை மட்டும் வைத்து 2,400 என்று சொல்ல யாராலும் முடியாது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருப்பது அந்த மனை ஓர் இணைகரம் என்பதற்குத்தான் சான்று, செவ்வகம் என்பதற்கு அல்ல. பக்கங்கள் அப்படியே இருக்க, மூலை 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் பரப்பு சுமார் 2,078 சதுரடிதான். முக்கால் சென்ட் போயிற்று. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் உறுதியாகிவிடும். நாற்கரமோ மூலை தளர்ந்த கட்டில் சட்டம் போல, நீளம் மாறாமலே சாயும்.

புதுக்கோட்டை நகருக்குள் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பிசகாது. 1807 முதல் 1825 வரை ஆண்ட விஜய ரகுநாத ராய தொண்டைமான், ஆங்கிலேய அதிகாரி மேஜர் பிளாக்பர்னின் யோசனைப்படி ஊரை நேர்த் தெருக்களாகத் திருத்தி அமைத்தார். கீழ ராஜ வீதி, கீழ இரண்டாம் வீதி என்று தெருக்கள் இன்றும் ஒன்றுக்கொன்று இணையாகவே போகின்றன. நகரைத் தாண்டிக் கண்மாய்ப் பாசன வயல்களுக்குப் போனால் வரப்புக்குக் கோணம் தெரியாது. அங்கே நாலு பக்கமும் நாலு அளவு. எதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கினால் பரப்பு வந்துவிடும் என்ற பழைய வழி, செவ்வகம் தவிர மற்ற எல்லா நாற்கரத்துக்கும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும் (விற்பவருக்கு நல்ல வழிதான்). 628-இல் எழுதிய பிரம்மகுப்தர் இதைத் தோராயக் கணக்கு என்றே குறித்தார். மூலைவிட்டம் சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரையும், அதற்கு விடை சொல்பவரையும் 1150-இல் இயற்றிய லீலாவதியில் பாஸ்கரர் கடுமையாகவே சாடியிருக்கிறார்.

அடையாளம் காட்டுவது மூலைவிட்டம்தான். இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றையொன்று பாதியாக வெட்டினால் இணைகரம். அதோடு அவை சமமாகவும் இருந்தால் செவ்வகம். சமமாக இல்லாமல் செங்குத்தாக வெட்டினால் சாய்சதுரம். இரண்டும் சேர்ந்தால் சதுரம். செங்குத்தாக வெட்டியும் ஒன்று மட்டுமே பாதியானால் பட்டம். நமது 40-க்கு 60 மனை உண்மையான செவ்வகமானால் இரண்டு மூலைவிட்டமும் 72.1 அடி இருக்கவேண்டும். மூலை 80 பாகையானால் பரப்பில் குறைவது 36 சதுரடிதான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு மூலைவிட்டம் 77.7 அடியாகும், மற்றது 66.1 ஆகும். பதினோரு அடிக்கும் மேலான வித்தியாசத்தை எந்த டேப்பும் காட்டிக்கொடுக்கும்.

கொத்தனார் மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறாரே, போதாதா என்று கேட்கலாம். கையளவு மட்டத்தில் மயிரிழை பிசகினாலும் அறுபது அடி தள்ளி அது அங்குலக் கணக்காகிவிடும். மூலைவிட்டம் சமமானாலே செவ்வகம்தானே என்பாரும் உண்டு. இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமம்; ஆகவே எதிர்ப் பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்பு. சர்வே துறையின் புலப்படம் இருக்கிறதே என்பது இவற்றில் வலுவான மறுப்பு. உண்மைதான். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, சர்வேயர்கள் ‘ஜி லைன்’ என்று சொல்லும் குறுக்குக் கோடுகளை அளந்துதான் அந்தப் படமே தயாராகிறது. நாலு பக்கம் போதாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அது புலம் முழுவதற்குமான படம். அதைக் கூறுபோட்டு விற்ற மனைக்கு, உட்பிரிவு ஆகும்வரை பத்திரத்து அளவுதான் கதி. நான்கு பக்கத்தோடு ஒரே ஒரு மூலைவிட்டம் சேர்ந்தால் மனை இரண்டு முக்கோணமாகி, பரப்பு ஐயமின்றிக் கிடைத்துவிடும். அடுத்த முறை பத்திரம் எழுதும்போது, ஈசானிய மூலையிலிருந்து கன்னி மூலைக்கு எத்தனை அடி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.